எந்த அம்மா

கெலுகோரில் ரூபினி குடியிருக்கும் பிளாட்டின் ஒன்பதாம் மாடியில் பொழுது விடிவது அவள் வீட்டு மாவு மெஷின் சத்தத்தோடுதான். கல் கடகடவென்று சுற்றத் தொடங்கினால் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு எழுந்துகொள்ளும். அந்த வாரம் மெஷின் ஓடவில்லை. அரிசி ஊறவைக்கும் வாளிகளைக் கழுவிக் குளியலறைச் சுவரோரம் கவிழ்த்து வைத்திருந்தாள். மாவு வாங்க வந்தவர்கள் கிரில் கதவில் சொருகியிருந்த வேப்பிலைக் கொத்தைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டு, எதுவும் கேட்காமல் லிஃப்டுக்குத் திரும்பினார்கள்.

ரூபினியின் மகள் சுபாஷினிக்கு அம்மை போட்டிருந்தது. ஐந்து வயதுப் பிள்ளை. தாடிகாவில், பாலர் வகுப்பில், அவள் பக்கத்தில் உட்காரும் பிள்ளை என்றைக்கோ ஒருநாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்ததாம், பிறகு நெடுநாள் வரவில்லையாம். எல்லாரும் அதை மறந்துபோன பிறகு சுபாஷினிக்குக் காய்ச்சல் கண்டது. வியாழக்கிழமை காலை சட்டையைக் கழற்றிக் குளிப்பாட்டப் போனபோது வயிற்றில் பனித்துளி மாதிரி ஒரு கொப்புளம். முதுகைத் திருப்பினால் அங்கே நாலைந்து.

ரூபினி அப்போதே அடுப்பில் வைத்திருந்த கருவாட்டுக் குழம்பை இறக்கிக் கொட்டினாள். அன்றிலிருந்து வீட்டில் தாளிப்பு இல்லை, மீன் இல்லை, வெங்காயம் வதக்குவதுகூட இல்லை. அவள் புருஷன் கார்த்திகேசு பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றிப் போகும் பஸ் ஓட்டுகிறவன். விடியுமுன் ஒரு ஓட்டம், பிற்பகல் ஒரு ஓட்டம், நடுவில் வந்து சாப்பிட்டுத் தூங்குவான். தட்டில் மோர்ச் சோற்றைப் பார்த்ததும் அவன் கேட்டான்:

"பத்தியம் புள்ளைக்கா, எனக்கா?"

"வீட்டுக்கே."

"சரிலா. பஸ்ல ஒரு பொண்ணு சம்பல் நெத்திலி கட்டிட்டு வந்துச்சு. வாசம் மூக்க அறுக்குது. அத மோந்துட்டு வந்ததுக்கும் சாமி குத்தமா?"

"வாயக் கழுவுங்க. அம்மா இருக்காங்க வீட்டுல."

அந்த வீட்டில் நோயின் பெயரை வாயால் சொல்ல மாட்டார்கள். அம்மா வந்திருக்கிறாள், விளையாடுகிறாள், முத்துப் போட்டிருக்கிறாள், இறங்குகிறாள் என்றுதான் சொல்வார்கள். ரூபினி தன் தாயிடம் கேட்டுப் பழகிய பேச்சு அது. வேறு விதமாகவும் அதைச் சொல்லலாம் என்றே அவளுக்குத் தோன்றியதில்லை.

அன்றைக்கே ஜோவான் போனில் கூப்பிட்டாள். ரூபினியின் தம்பி யுகேந்திரனின் மனைவி. வேதக்காரப் பெண், கிறிஸ்தவக் குடும்பம். கடல் தாண்டி, பாகான் டாலாமில் வீடு. யுகேந்திரன் சிங்கப்பூரில் கப்பல் பட்டறை வேலையில் இருந்ததால் ஏழு மாத வயிற்றோடு தனியாக இருந்தாள். ரூபினி இருக்கும் தீவில் ஒரு பேரங்காடியில் முகப்பூச்சு விற்கும் கவுண்டரில் நின்றுகொண்டிருந்தவள், கால் வீங்குகிறதென்று லீவு போட்டிருந்தாள்.

"அக்கா, மாவு இருக்கா? உங்க தோச மேல ஆச வந்துருச்சு. நான் கேக்கல, பேபி கேக்குது."

"மாவு இல்லம்மா. மெஷின நிப்பாட்டிட்டேன். வீட்டுக்கு அம்மா வந்திருக்காங்க."

"அம்மாவா? எப்பக்கா?"

"இன்னிக்கிதான்."

"எத்தன நாள் இருப்பாங்க?"

"அது நம்ம கையிலயா இருக்கு? அவங்களா எறங்கிப் போற வரைக்கும் இருப்பாங்க."

"கோவமா இருக்காங்களா?"

"கொஞ்சம் உக்கிரமாத்தான் இருக்காங்க."

"இன்னுமா?" ஜோவானின் குரல் தாழ்ந்தது.

"இப்பத்தானம்மா வந்திருக்காங்க. போகப் போகத் தணிஞ்சிருவாங்க."

"அவங்களுக்கு என்னக்கா புடிக்கும்?"

ரூபினிக்கு மனசு இளகிப்போனது. கோயிலுக்குள் வரும்போது செருப்பை எங்கே விடுவது என்றுகூடக் கேட்டுக் கேட்டு நடக்கிற பெண், மாரியம்மாவுக்கு என்ன பிடிக்கும் என்று கேட்கிறாள்.

"எல்லாம் குளிர்ச்சியா இருக்கணும்மா. எளநி, மோரு. செண்டு வாசம், எண்ண வாசம் ஆகாது. சத்தமாப் பேசக் கூடாது."

"ஓக்கேக்கா, ஓக்கே."

உள்ளே சுபாஷினி அரிக்கிறதென்று வீறிட்டாள். "வெக்கிறேம்மா" என்று போனைப் போட்டுவிட்டு ரூபினி ஓடினாள். நீ இந்தப் பக்கம் வந்துவிடாதே என்று சொல்லியிருக்க வேண்டிய ஒரு வார்த்தை விட்டுப்போனது. அதைச் சொல்லவும் வேண்டுமா, தெரியாதா என்றுதான் அவளும் இருந்துவிட்டாள்.

ஆனால் ஜோவானுக்கு அம்மா என்றால் ஒரே ஆள்தான். அவள் மாமியார், ரூபினியின் தாய் சந்திரிகா. சிம்பாங் அம்பாட்டில் இருக்கிறவள். ஜோவானோடு பேச்சு வார்த்தை இல்லாதவள்.

காரணம் சின்னது. சந்திரிகாவுக்குச் சிறுவயதில் இதே அம்மை போட்டு முகமெல்லாம் தழும்பு. யுகேந்திரன் முதன்முதலில் ஜோவானை வீட்டுக்குக் கூட்டி வந்த அன்று, நாள் முழுக்க முகங்களைப் பார்த்துப் பழகிய அந்தப் பெண் பிரியமாகத்தான் சொன்னாள்: "ஆன்ட்டி, இதுக்கு நல்ல க்ரீம் இருக்கு. அடுத்த தடவ எடுத்துட்டு வரேன்." சந்திரிகா தேத்தண்ணிக் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு எழுந்து உள்ளே போனாள். கல்யாணத்துக்கு வந்து அட்சதை போட்டாள், பந்தியில் உட்காரவில்லை. அவ்வளவுதான். அதோடு சரி.

சனிக்கிழமை காலை வெயில் ஏறுமுன் ரூபினி கீழே போனாள். கார் நிறுத்துமிடத்துக்குப் பின்னால் ஒரு வேப்பமரம் இருந்தது. பழைய கொத்து வாடிவிட்டது, புதிதாக ஒடிக்கலாம் என்று. கார்த்திகேசு தூங்கிக்கொண்டிருந்தான். பிள்ளையும் கண்ணயர்ந்திருந்ததால் கிரில் கதவை வெறுமனே சாத்திவிட்டுப் போயிருந்தாள். லிஃப்டில் ஒன்று பழுது. காத்திருந்து மேலே வந்தபோது வாசலில் ஒரு ஜோடி செருப்பு, தட்டையான புதுச் செருப்பு.

உள்ளே ஜோவான் பாயில் உட்கார்ந்திருந்தாள். சுபாஷினி, முத்தெல்லாம் சட்டைக்குள் மறைந்திருக்க, அவள் மடியில் ஏறி, வயிற்றில் காதை வைத்துப் படுத்திருந்தாள்.

"அத்த, பாப்பா ஒதைக்குது."

மேசையில் ஒரு பிளாஸ்டிக் பை நிறைய இளநீர். பக்கத்தில் துணிக்கடைப் பையில் ஒரு புடவை. எப்போதும் செண்டு மணக்கும் ஜோவான் அன்றைக்குச் சோப்பு வாசம்கூட இல்லாமல், தலையை இறுக்கிப் பின்னி, நெற்றியில் பொட்டு வைத்திருந்தாள்.

"அம்மா எங்கக்கா? குளிக்கிறாங்களா?" என்று ரகசியம்போல் கேட்டாள்.

"எந்த அம்மா?"

"மாமி. உங்க அம்மா. வந்திருக்காங்கன்னு சொன்னீங்கல்ல?"

ரூபினியின் கையிலிருந்த வேப்பிலை தரையில் விழுந்தது. சுபாஷினி எழுந்து பெருமையாகச் சட்டையைத் தூக்கிக் காட்டினாள். "அத்த, எனக்கு முத்து பாரு. இங்கயும் இருக்கு."

ஜோவான் பார்த்தாள். கை தானாக வயிற்றை மூடியது.

"சிக்கன் பாக்ஸா?"

ரூபினி தலையாட்டினாள்.

"நீங்க அம்மான்னு சொன்னீங்களேக்கா."

"நாங்க அப்படித்தான்மா சொல்லுவோம். நீ தமிழ்ப் பொண்ணுதான, தெரியும்னு நெனச்சேன். வாசல்ல வேப்பில கட்டியிருக்கே, பாக்கலியா?"

"பாத்தேன். மாமி வந்ததுக்குக் கட்டியிருக்கீங்கன்னு நெனச்சேன்." ஜோவான் அழவில்லை. "எங்க வீட்டுல பெத்தவங்கள மம்மின்னுதான் கூப்பிடுவோம். நான் அம்மான்னு நெனைக்கிறது ஒருத்தவங்களத்தான். அவங்க கூப்பிட விட மாட்டாங்க. மனசுக்குள்ள கூப்பிட்டுக்குவேன்."

பேச்சுச் சத்தத்தில் எழுந்துவந்த கார்த்திகேசுவுக்கு விஷயம் புரியச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் சட்டையை மாட்டினான். இழுப்பறையில் கோவிட் காலத்து முகக்கவசம் மிச்சமிருந்தது. ஜோவானுக்கு ஒன்று கொடுத்தான், தானும் ஒன்று போட்டுக்கொண்டான்.

"வா தங்கச்சி, கிளினிக்குக்குப் போவோம். காடியில பின்னாடி உக்காரு, கண்ணாடி எல்லாம் எறக்கி விட்டுர்றேன்."

"அம்மா இருக்கற வீட்டுல இருந்து நேரா டாக்டர்கிட்டயா? அவங்களுக்குக் கோவம் வந்து, அது வயித்துப் புள்ள மேல..." ரூபினி முடிக்கவில்லை.

"அவங்களும் அம்மாதான? வயித்துல இருக்கற புள்ளைக்குன்னா கோச்சுக்க மாட்டாங்க."

கொஞ்ச நேரம் கழித்துக் கார்த்திகேசு போனில் கூப்பிட்டான். கிளினிக்குக்குள் கர்ப்பிணிப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்ததால், விஷயத்தைக் கேட்டதும் ஜோவானைக் காரிலேயே இருக்கச் சொல்லிவிட்டார்களாம். நர்ஸ் மிஸ்ஸி ஒருத்தி வெளியே வந்திருக்கிறாள், உன்னோடு பேச வேண்டுமாம் என்றான். போனில் வேறு குரல் வந்தது.

"அக்கா, நான் மிஸ்ஸி ஆயிஷா. புள்ளைக்கு மொத கொப்பளம் எப்ப வந்துச்சு?"

"அம்மா வந்தது வியாழக்கிழமங்க."

"எல்லாம் காஞ்சிருச்சா?"

"இல்லங்க. இன்னும் புதுசு புதுசாப் போட்டுக்கிட்டு இருக்கு."

"அப்ப நல்லா ஒட்டற நேரம். தொடணும்னுகூட இல்லக்கா, ஒரே ரூம்ல இருந்தாலே மூச்சுல போயிரும். மொத கொப்பளம் தெரியறதுக்கு ஒன்னு ரெண்டு நாள் முன்னாடியே தொடங்கிரும். கடசிக் கொப்பளம் பொருக்காயிக் காயற வரைக்கும் பரவும். வேற வயித்துக்காரங்க, கைப்புள்ளைங்க யாராச்சும் வந்தாங்களா?"

"நாங்க யாரையும் விடலங்க. வேப்பில கட்டியிருக்கோம்."

"கட்டினது நல்லதுதான்க்கா. எங்க பக்கத்து வீட்டுலயும் கட்டுவாங்க, நான் பாத்திருக்கேன். ஆனா அது தெரிஞ்சவங்களுக்குத்தான தெரியும்? தெரியாதவங்ககிட்ட வாயால சொல்லிறணும்." அவள் கடிந்துகொள்ளவில்லை. அதனாலேயே ரூபினிக்குச் சுருக்கென்றது. "புள்ளைக்கு நகத்த வெட்டி விடுங்க. ஆஸ்பிரின் மட்டும் குடுத்துறாதீங்க. சரி, இவங்களுக்குச் சின்ன வயசுல வந்திருக்கான்னு யாருக்காச்சும் தெரியுமா?"

ஜோவானின் மம்மி இறந்து நெடுநாள். அவள் அப்பா வின்சென்ட்டுக்குப் போன் போனது. "என்னமோ செவப்பா வந்துச்சு. உனக்கா, உன் தம்பி கெல்வினுக்கா? மம்மிதான் லோஷன் தடவினா. அவ இருந்தா சொல்லுவா" என்றார். அவ்வளவுதான் கிடைத்தது. ரத்தம் எடுத்தார்கள்.

ரூபினி அந்த முடிவு வரும்வரை சரியாகச் சாப்பிடவில்லை. பிள்ளையின் உடம்பை வேப்பிலையால் நீவிவிடும்போதெல்லாம் வாய் ஒரே வார்த்தையைச் சொன்னது: அவளுக்கு முன்பே வந்துபோயிருக்க வேண்டும் தாயே. ஒரு நோய் ஒருத்திக்கு வந்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டது அவள் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

வரவில்லை என்று ரத்தம் சொன்னது. ஜோவானின் உடம்புக்கு அந்த நோயைத் தெரியாது. இனி தடுப்பூசியும் போட முடியாது, வயிற்றில் பிள்ளை இருக்கும்போது அது கூடாது. ஆஸ்பத்திரியில் டாக்டர் மாத்திரை கொடுத்தார். வந்தால் அம்மாக்காரியின் நுரையீரலைப் பிடிக்கலாம், பிரசவத்தை ஒட்டி வந்தால் குழந்தைக்கும் ஆபத்து, மாத்திரை அதன் வேகத்தைக் குறைக்கும், மூச்சு வாங்கினால் உடனே வா என்றார். மூன்று வாரம் யாரோடும் கலக்காமல் வீட்டில் இருக்க வேண்டும். கூட இருப்பவர் ஏற்கெனவே அம்மை போட்டவராக இருப்பது நல்லது.

யார் இருப்பது? யுகேந்திரனுக்கு அம்மை போட்டதில்லை. சின்ன வயதில் ரூபினிக்குப் போட்டபோது அவனை அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவன் லீவுக்கு எழுதிப் போட்டுவிட்டுத் தினமும் போனில் அழுதான். வின்சென்ட்டுக்குச் சர்க்கரை வியாதி, அம்மை வந்ததா என்பதும் தெரியாது. ரூபினிக்கு வந்துபோனதுதான், ஆனால் சுபாஷினியை விட்டு எங்கே போவது?

மழை பிடித்துக்கொண்ட ஒரு பிற்பகல் ரூபினி சிம்பாங் அம்பாட்டுக்குப் போன் போட்டாள்.

"யம்மா, ஒன்னு கேக்கணும்."

"கேக்காத. கார்த்தி சொன்னாரு. அவளுக்கு அப்பன் இருக்கான்ல?"

"அவரு போகக் கூடாதும்மா. யாருக்கு வந்து போயிருக்கோ அவங்கதான் கூட இருக்கலாமாம். உனக்குப் போட்டிருக்குல்ல. உனக்கு இனி ஒன்னும் பண்ணாது. மிஸ்ஸிகிட்டக் கேட்டேன், தழும்பே இருக்கே, அப்பறம் என்னன்னாங்க."

"என் மூஞ்சியப் பத்தி ஊரெல்லாம் பேசிட்டு வந்தியா?"

"யம்மா..."

"ஒனக்குத் தெரியாதுடி. என்னப் பொண்ணு பாக்க வந்தவனுங்க எல்லாம் காப்பியக் குடிச்சிட்டுச் சொவத்தப் பாத்துப் பேசிட்டுப் போனானுங்க. உங்கப்பா ஒருத்தர்தான் நேரா பாத்தாரு." சந்திரிகா மூச்சை இழுத்துவிட்டாள். "அன்னிக்கி இவ வராளேன்னு எவ்ளோ நேரம் கண்ணாடி முன்னாடி நின்னேன் தெரியுமா? பவுடர் போட்டேன், தொடச்சேன், மறுபடி போட்டேன். தழும்பு தெரியாதுன்னு நெனச்சுத்தான் வந்து உக்காந்தேன். வந்ததும் அவ கண்ணு அங்கதான் போச்சு."

"தப்புதான். அவ வேலையே அதும்மா."

"என் மூஞ்சி அவ கவுண்டரு இல்ல."

மழை சன்னல் கண்ணாடியில் அறைந்தது. ரூபினி கடைசியாக வைத்திருந்ததைச் சொன்னாள்.

"அவ எதுக்கு இங்க வந்தா தெரியுமா? சுபாவப் பாக்க இல்ல. நான் அம்மா வந்திருக்காங்கன்னு சொன்னத, நீ வந்திருக்கன்னு நெனச்சிட்டா. என்ன புடிக்கும்னு கேட்டா. நான் மாரியம்மாவுக்குக் கேக்கறான்னு எளநின்னேன். வீங்குன காலோட பஸ் மாறி, பெரி புடிச்சுக் கடல் தாண்டி, தூக்க முடியாம எளநி தூக்கிட்டு வந்திருக்கா. ஒனக்குப் பொடவ ஒன்னு. சத்தமாப் பேசக் கூடாதுன்னு சொன்னேன், வந்ததுல இருந்து ரகசியம் பேசிக்கிட்டு இருந்தா."

லைன் அறுந்துவிட்டதோ என்று ரூபினி பார்த்தாள்.

"என்ன நெறம்?"

"என்னது?"

"பொடவ."

"கிளிப்பச்ச."

"எனக்கு எடுக்காது" என்று சொல்லிச் சந்திரிகா போனை வைத்துவிட்டாள்.

அதன்பிறகு கேட்க ஒன்றுமில்லை. ரூபினி கஞ்சியும் துவையலும் செய்து கட்டினாள், கார்த்திகேசு பாலம் தாண்டிப் போகும்போது ஜோவான் வீட்டு கேட்டில் மாட்டிவிட்டு ஹாரன் அடித்துவிட்டு வந்தான். ஜோவான் சன்னலிலிருந்து கை காட்டுவாளாம். சுபாஷினியின் கொப்புளங்கள் ஒவ்வொன்றாக அமுங்கிப் பொருக்குத் தட்டின.

இடையில் ஒருநாள் ரூபினி ஒரு அட்டையை வெட்டி, 'சின்னம்மை. கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் உள்ளே வர வேண்டாம்' என்று தமிழில் எழுதினாள். கீழே மலாயில் எழுதக் கார்த்திகேசுவைக் கூப்பிட்டாள். வேப்பிலைக்குப் பக்கத்தில் அதைக் கட்டிவிட்டு, "பேரச் சொல்லிட்டேன், மன்னிச்சிரு தாயே" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

கடைசிப் பொருக்கும் காய்ந்த பிறகே பிள்ளைக்கு மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீரைத் தலைக்கு ஊற்றினாள். வீட்டைக் கழுவி, துணியெல்லாம் வெயிலில் போட்டு எடுத்து, வேப்பிலையையும் அட்டையையும் இறக்கினாள். மறுபடி அரிசி ஊறியது.

மெஷின் ஓடத் தொடங்கிச் சில நாளுக்குள் ஜோவானுக்கு இலேசாகக் காய்ச்சல் என்று செய்தி வந்தது. ரூபினி தன் தாயின் போனுக்குக் குரல்பதிவாகவே அனுப்பினாள்: "யம்மா, அவளுக்குக் காய்ச்சல் அடிக்குதாம். சொல்லணும்னு தோணுச்சு, சொல்லிட்டேன்." சந்திரிகா அதைக் கேட்டுவிட்டாள் என்று போன் காட்டியது. பதில் வரவில்லை. ரூபினி சுபாஷினியைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு மறுநாள் தானே போவது என்று முடிவு செய்து, துணி எடுத்து வைத்தாள்.

மறுநாள் காலை உளுந்து பொங்கிவந்த நேரத்தில் போன் அடித்தது. மாவுக் கையோடு எடுத்தாள்.

"அக்கா." ஜோவான்தான். குரல் களைத்திருந்தது. "அம்மா வந்திருக்காங்க."

ரூபினி எட்டி மெஷினை நிறுத்தினாள். கல் இரண்டு சுற்றுச் சுற்றி நின்றது.

"எந்த அம்மா?"

"ரெண்டு பேரும்க்கா."

அந்தப் பக்கம் போனைப் பிடுங்கும் சத்தம்.

"ஏய் ரூபினி, பயந்து சாகாத." சந்திரிகா. "நேத்துச் சாயங்காலமே வந்துட்டேன். விடியக்காலையில நெத்தியில ஒன்னு, முதுகுல கொஞ்சம். ஒடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிட்டு இப்பத்தான் திரும்பினோம். நெஞ்சு சுத்தமா இருக்குன்னாங்க. மாத்திரை முன்னயே போனதுனால இதோட நிக்கும்னு நெனைக்கிறாங்க. புள்ள நல்லா ஆடுது, நானும் தொட்டுப் பாத்தேன். மூச்சு வாங்குதான்னு ராத்திரி நான் முழிச்சுப் பாத்துக்கிறேன். நீ மாவ அரை."

"யம்மா..."

"வெக்கிறேன், கையெல்லாம் லோஷனு."

ஆனால் அவள் போனை அணைக்கத் தெரியாமல் எங்கேயோ வைத்துவிட்டாள். சத்தம் வந்துகொண்டிருந்தது. ரூபினி காதிலிருந்து எடுக்கவில்லை.

"மூஞ்சிய இப்படி வெளிச்சத்துக்குத் திருப்பு. சொறியாத. சொறிஞ்சா எப்படி ஆகும்னு என்னையப் பாத்துக்க. பாத்தியா? நல்லா பாரு."

"பாக்கறேன்."

"ம். இப்ப கண்ண மூடு."

லோஷன் பாட்டிலைக் குலுக்கும் சத்தம் கேட்டது.

"எரியுதும்மா" என்றாள் ஜோவான்.

"எரியும். அசையாத."